முசேயின் பின்னங்கால்

"உன் நாயி நடிக்குதுய்யா."

"வாயில்லா ஜீவனப் போயி அப்டி சொல்லாத செல்வி. அதோட வலி உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கா தெரியாது? தொடப்பத்த எடுத்தா நாலு கால்ல ஓடுது. சோத்துத் தட்ட எடுத்தா மூணு கால்ல வருது. இது இன்னா வலி?"

"பசியில வலி ஜாஸ்தியாவும்."

"காலையில வடிச்ச சோத்துல பாதி அது வயித்துலதான் இருக்குது. பசியாம்."

"வாயில்லாதது துன்றதுக்குப் போயி கணக்குப் பாக்கறியே."

காட்டேரிக்குப்பத்தில் அந்த ஓட்டு வீட்டின் படலைத் தள்ளப்போன அர்ஷியா, கையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் பெண்டாட்டி சண்டைதான். ஆனால் சண்டைக்கு நடுவில் கிடந்தது அவளுடைய இரண்டு வருட உழைப்பு.

அர்ஷியா கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, எலும்பு அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு படிக்கிறாள். வில்லியனூரில் அவள் அத்தா உதுமானுக்குப் பாத்திரக் கடை. கடைக்கு வருகிறவர்கள் "பொண்ணு டாக்டராமே பாய்" என்று கேட்டால், "ஆமாமா" என்று சொன்ன கையோடு குக்கரை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார். இன்ன டாக்டர் என்று அடுத்த கேள்வி வந்துவிடக்கூடாது என்கிற கவலை அவருக்கு.

கால் ஒடிந்த நாய்க்கும் கன்றுக்குட்டிக்கும் உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்க என்ன ஆகும் என்று கேட்டால், கிராமத்து ஆட்கள் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பிராணி காலம் முழுக்க நொண்டும். அர்ஷியா செலவில்லாத ஒரு வழியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். மெல்லிய எஃகுக் கம்பிகளை எலும்பில் குறுக்கே செலுத்தி, வெளியே நிற்கும் முனைகளை வளைத்து, குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, அந்த மாதிரிப் பசையால் எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிவிடுவது. எலும்பு கூடியதும் கம்பியை உருவிவிடலாம். அவளிடம் வந்தவற்றில் அநேகமாக எல்லாமே எழுந்து நடந்துவிட்டன.

மாணவர்களின் எலும்பு ஆராய்ச்சிக்கென்று வருஷா வருஷம் ஒரு விருது உண்டு. அது கிடைத்தால் இந்த முறையைக் கிராமத்து முகாம்களில் செய்ய ஏற்பாடு செய்வதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால், அவள் படிப்பு முடிகிற அன்றைக்கே ஆராய்ச்சியும் அலமாரிக்குப் போய்விடும். அத்தாவும் குக்கரை எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார்.

அந்த விருதில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் படம் போட்டுப் பேசினால் மட்டும் போதாது. நடுவர், சிகிச்சை பெற்ற பிராணிகளில் ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். அது இருக்கிற வீட்டுக்கே போய் அது நடப்பதைப் பார்ப்பார். வளர்ப்பவரையும் கேட்பார். இந்த வருஷத்து நடுவர் ஓய்வு பெற்ற பேராசிரியர் அமிர்தசாமி. "எக்ஸ்ரே நடக்காதும்மா. நாய்தான் நடக்கணும்" என்பது அவர் சொல்லும் சொல். அவர் கேட்ட நாய், முசே.

புதுச்சேரியில் பழைய ஆட்கள் வெள்ளைக்கார துரையை முசே என்பார்கள். குட்டியாக இருந்தபோதே அது நெஞ்சை நிமிர்த்தி நடந்த தோரணையைப் பார்த்து, செல்வியின் புருஷன் மணவாளன் வைத்த பெயர்.

திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்த மணவாளனை வரவேற்க முசே குறுக்கே ஓடியதில், இருவருக்கும் ஒரே சமயத்தில் கால் போயிற்று. அவரைப் பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டு. நாயை ஆட்டோவில் போட்டு அர்ஷியாவிடம் கொண்டுவந்தார்கள். பின்னங்கால், இடது பக்கம், முழங்காலுக்குக் கீழே. அதெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன.

படலைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"வாங்க டாக்டரம்மா" என்று மணவாளன் கைத்தடியை எட்டி எடுத்தார். எழுந்து, வலது காலை இழுத்து இழுத்து வந்து அவளுக்கு நாற்காலி போட்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"நீங்க உக்காருங்கண்ணே. கால் எப்படி இருக்குது?"

"அது கிடக்குது விடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில கூடிப்போச்சுன்னுதான் சொல்றாங்க. படத்துல கூடுதும்மா. உள்ள இருக்கறவனுக்குத்தான தெரியும்."

அவர் மனைவி செல்வகுமாரி ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ஆட்டுக்கால் சூப். எலும்பு கூடுவதற்கு.

"சூட்டோட குடிய்யா" என்றாள் குரலைத் தாழ்த்தி. நாயைப் பற்றிப் பேசின குரல் இது இல்லை. "கட்டு போட்டிருந்தப்ப கால்ல பிளாஸ்டிக் கவர் கட்டி நான்தான் டாக்டரம்மா கொழந்த மாரி குளிப்பாட்டுவன். விடியறதுக்குள்ள மாட்ட அவுத்துக்கினு, நாத்து நட போயி, பொழுதோட வந்து இவருக்கு சூப்பு. இவரு வேலைக்கிப் போலன்னாலும் பரவால்ல. ஆளு இருந்தா போதும். ஆனா இந்த நாயி இருக்குதே..."

முசே வாசலில் வந்து நின்றது. அர்ஷியாவைப் பார்த்தது. அவள் கைப்பையைப் பார்த்தது. இடது பின்னங்காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டது.

அவள் காலைத் தடவி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். கல்லு மாதிரி கூடியிருந்தது. கம்பி உருவிய பிறகு கல்லூரிக்கு வந்தபோது வராந்தாவில் பூனையைத் துரத்தின கால் இது.

"வெளிய யாராவது இதுக்கு ஏதாவது போடறாங்களாக்கா?"

"பஸ் ஸ்டாப்புல விருத்தாம்பா கடை. காலைத் தூக்குனா பொறை."

அர்ஷியா நேரே டீக்கடைக்குப் போனாள்.

"நொண்டி நாய்க்கு ஒரு பொறை போடறது இன்னா தப்பும்மா?" என்றாள் விருத்தாம்பாள், டீயை ஆற்றிக்கொண்டே.

"அது நொண்டி இல்லக்கா. குணமாயிடுச்சு."

"குணமானது ஏன் நொண்டுது?"

"நீங்க பொறை போடறீங்கல்ல, அதனாலதான்."

விருத்தாம்பாள் ஆற்றுவதை நிறுத்தினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கையிலிருந்த பொறையைப் பார்த்தார்கள்.

"எம் பொறையிலயா கோளாறு?"

"அய்யோ, அப்படி இல்லக்கா. பொறைக்கும் காலுக்கும்..."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். பாதிப் பேச்சும் அவர்களோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் பொழுது சாய்வதற்குள், அந்தக் கடைப் பொறையைத் தின்றால் மூட்டு பிடித்துக்கொள்ளும் என்று காலேஜ் டாக்டரே சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். விற்காத பொறையை வைத்துக்கொண்டு விருத்தாம்பாள் என்ன செய்வாள்? பாட்டிலோடு கவிழ்த்து முசேவுக்குப் போட்டாள். முசே முன்பு காலை மட்டும்தான் தூக்கும். இப்போது கூடவே முனகவும் கற்றுக்கொண்டது.

அர்ஷியாவின் ஆராய்ச்சி வழிகாட்டி முத்துக்குமரன் சார் போனில் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நொண்டுனா குடுத்தா நொண்டும். நேரா நடந்தா குடு. நேரா நடக்கும்" என்றார்.

சரிதானே என்று பட்டது. அர்ஷியா பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய், முசே நாலு காலில் நடக்கும்போது மட்டும் ஒன்று போட்டாள். முதல் நாள் அருமையாக நடந்தது. இரண்டாம் நாள் முசே கொஞ்சம் யோசித்தது. காலைத் தூக்கியது. கீழே வைத்தது. அவளைப் பார்த்தது. பிஸ்கட் வந்தது. மறுபடியும் தூக்கியது. வைத்தது. பார்த்தது. நொண்டுவதை நிறுத்தினால்தானே பிஸ்கட்? முதலில் நொண்டினால்தானே நிறுத்த முடியும்?

பாக்கெட் காலியான பிறகுதான் அர்ஷியாவுக்கு விஷயம் புரிந்தது.

"நான் சொல்லல?" என்றாள் செல்வகுமாரி. "இத கம்பெனில சேத்தா சூப்பர்வைசர் ஆயிடும்."

நடுவர் வருவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தாள். முசே வாசலைத் தாண்டக்கூடாது. டீக்கடை, பொறை, பிஸ்கட் ஒன்றும் கிடையாது. செல்வகுமாரி வைக்கிற வேளைச் சோறு மட்டும். நாள் முழுக்க வீட்டில் இருக்கிற மணவாளன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அதுக்கென்னா, எங் கூடவே கிடக்கட்டும்" என்றார் மணவாளன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. "ரெண்டு பேரும் ஒண்ணா அடிபட்டவங்க. அதுக்கு என்னத் தெரியும், எனக்கு அதத் தெரியும்."

"அண்ணே, இன்னொரு விஷயம். சார் வந்து உங்களத்தான் கேப்பாரு. நாய் நல்லா நடக்குதான்னு. ஒரு வார்த்தை நல்லபடியா..."

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டார். கைத்தடியின் முனையால் தரையில் கோடு போட்டார்.

"நீங்க ராத்திரி பகலா பாத்தீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா பொய் மட்டும் சொல்லச் சொல்லாதீங்க டாக்டரம்மா. வலிக்கிதுன்னு ஒரு ஜீவன் சொல்லும்போது, இல்ல, உனக்கு வலிக்கலன்னு நான் எப்டி சொல்லுவன்? நாளைக்கி என்னயும் அப்டித்தான சொல்லுவாங்க?"

இவ்வளவு ஈரமான மனுஷரிடம் போய்ப் பொய் கேட்டோமே என்று அர்ஷியாவுக்கு வெட்கமாக இருந்தது. போய் வண்டியை எடுத்தாள்.

அந்த ஒரு வாரம் அவள் காட்டேரிக்குப்பம் பக்கமே போகவில்லை. போனால் முசே பிஸ்கட் ஞாபகத்தில் காலைத் தூக்கும் என்கிற பயம். செல்வகுமாரியிடம் போனில் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்குக்கா?"

"அவரு பக்கத்துலயே படுத்துக்கினு இருக்குதாம். அவரு எழுந்தா எழுந்துக்குதாம், குந்துனா குந்துதாம். சூப்புல இருக்கற எலும்ப அவருதான் எடுத்துப் போடறாரு. சோறு மட்டும் வையின்னுதான் சொன்னீங்க, நான் சொன்னா கேக்கறாரா? பாவம், அவருக்கும் பேச்சுத் துணை."

நடுவர் வருகிற நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. முதலில் முத்துக்குமரன் சார் இறங்கினார். பின்னால் அமிர்தசாமி. வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. நாயைப் பார்க்க வந்தவர் வழியில் கட்டியிருந்த மாட்டையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஜீப்புக்குப் பின்னாலேயே வண்டியில் வந்த அர்ஷியா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"வாங்க சார்" என்று உள்ளேயிருந்து மணவாளன் வந்தார். கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து, ஊன்றி, இழுத்து.

அவர் பின்னாலேயே முசே வந்தது. மூன்று காலில்.

அர்ஷியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்கதான் வளக்கறீங்களா?" அமிர்தசாமியின் குரல் கேட்டது. "எப்படிங்க இருக்குது? நல்லா நடக்குதா?"

"டாக்டரம்மா தங்கமான பொண்ணு சார். ஆனா நான் பொய் சொல்ல மாட்டன். அது நடக்கல. வலில துடிக்கிது."

முத்துக்குமரன் சார் கனைத்துக்கொண்டார். அமிர்தசாமி வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாயைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். முசேவும் அவரைப் பார்த்து ஒரு முனகல் முனகியது.

"அர்ஷியா, எந்தக் கால்லம்மா கம்பி போட்ட?"

"எடது சார். எடது பின்னங்கால்."

"கண்ணத் தொறந்து பாத்துச் சொல்லு."

அவள் திறந்து பார்த்தாள். முசே தூக்கி வைத்துக்கொண்டிருந்தது வலது காலை.

"சார், போன வாரம் வரைக்கும் எடதத்தான் சார் தூக்கிச்சு" என்றாள். இதைச் சொன்னால் நல்லதா கெட்டதா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அமிர்தசாமி எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"பின்பக்கத்து பாரம் மொத்தமும் எதுமேல நிக்குது பாரு. நீ ஒட்ட வெச்ச கால்மேல. ஆடாம அசையாம நிக்குது. இத விடப் பெரிய பரிட்சைய நான் வெச்சிருக்க முடியாதும்மா."

முத்துக்குமரன் சார் முதல் முறையாக மூச்சு விட்டார்.

"இல்ல சார், அதுக்கு வலி..." என்று மணவாளன் குறுக்கே வந்தார்.

"வலிதான். வலி இருந்தா அது இருக்கற கால்லயே இருக்கும்பா. நேத்து இந்தக் காலு, இன்னிக்கி அந்தக் காலுன்னு மாறாது. இதுக்கு ஒடஞ்சது எதுன்னே மறந்துபோச்சு. காலைத் தூக்குனா கெடைக்கும்ங்கறது மட்டும் மறக்கல."

"ஆனா ஏன் சார் வலதுக்கு மாறுச்சு?" என்றார் முத்துக்குமரன் சார்.

அந்த நேரம் பார்த்து மணவாளன் பெரியவருக்கு நாற்காலி எடுக்க நகர்ந்தார். தடியை ஊன்றினார், வலது காலை இழுத்தார். முசே பின்னாலேயே நகர்ந்தது. வலது காலைத் தூக்கி, தத்தி. அவர் நின்றார். அது நின்றது. அவர் திரும்பினார். அதுவும் திரும்பியது.

"சார்" என்றாள் அர்ஷியா, சிரிப்பை அடக்க முடியாமல், "ஒரு வாரமா அண்ணன் கூடவேதான் இருக்குது. சூப்பு வந்தா அண்ணன் இப்படித்தான் எழுந்து போவாரு. எலும்பு கெடைக்கும். அதப் பாத்து..."

எல்லோரும் சிரித்தார்கள். ஜீப் டிரைவர்கூடச் சிரித்தான். அமிர்தசாமி அர்ஷியாவின் தோளைத் தட்டினார்.

"இந்த வருஷம் உனக்குத்தாம்மா. முகாமுக்கு என்னயும் கூப்பிடு, வரேன்."

அவளுக்கு அத்தா ஞாபகம் வந்தது. இனிமேல் கடையில் யாராவது கேட்டால், குக்கரை எடுப்பதற்கு முன்னால் அவர் ஒரு நிமிஷம் நிற்பார். அது போதும். குனிந்து முசேயின் தலையைத் தடவினாள்.

இந்தச் சிரிப்பில் சேராத ஆள் ஒருத்தி இருந்தாள். சூப் டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்ற செல்வகுமாரி. பெரியவர் சொன்னது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. நாயின் காலைப் பார்த்தாள். புருஷன் காலைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள்.

"செல்வி, சாருக்கு டீ போடும்மா" என்றார் மணவாளன், கொஞ்சம் அவசரமாக.

அவள் டம்ளரை அவர் கைக்கு எட்டாத தூரத்தில், சுவர் ஓரமாக வைத்தாள்.

"சார், பிளாஸ்டிக் கவர் கட்டி குளிப்பாட்டனவ நான். இவருக்கும் ஒடஞ்சது எடது காலுதான்."

*

மணவாளன் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? தோன்றுவதைக் கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிக் கால் மாற்றித் தூக்குகிறவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம்.